தூக்கம் குறைந்தும் களைப்பு வராதபோது

மனநோய்களில் ஆரம்பத்தில் பாராட்டு வாங்குகிற நோய் என்றால் அது மேனியாதான். மனச்சோர்வு வந்தவனைப் பார்த்து ‘ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க’ என்று கேட்கிற அதே வீடு, மேனியா தொடங்கிய முதல் வாரத்தில் ‘இப்பத்தான் பையன் சுறுசுறுப்பா இருக்கான்’ என்று சந்தோஷப்படும். அலுவலகத்தில் மேலாளர் தட்டிக்கொடுப்பார். நண்பர்களுக்கு விருந்து கிடைக்கும். நோயை நோய் என்று சொல்ல ஆள் இல்லாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட் ஐ.டி. வளாகத்தைச் சுற்றிய படூர், ஏகாட்டூர், நாவலூர் வாடகை வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். தனி ஒருவரின் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சங்கதிகளைக் கோத்துச் சொல்கிறேன். இருபத்தைந்து வயது. தென்மாவட்டத்துப் பையன். அமெரிக்க நேரத்துக்கு வேலை. ஒரு ப்ராஜெக்ட் முடியும் வாரத்தில் நாலைந்து ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ப்ராஜெக்ட் முடிந்தது, தூக்கம் திரும்பவில்லை. தூங்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு சமையலறையைத் தேய்த்துக் கழுவுகிறான். கம்பெனியைத் திருத்தியமைப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக மேலதிகாரிக்கு மெயில் போடுகிறான். வாரம் ஒரு தடவை ரெண்டு நிமிஷம் பேசுகிறவன் தினமும் ராத்திரி ஊருக்கு போன் போடுகிறான். அம்மாவுக்குப் பூரிப்பு: ‘ரெண்டு மணி நேரம் பேசினான், என்ன பாசம்!’ இரண்டாவது வாரம் கடன் கொடுக்கும் ஆப்கள் இரண்டு மூன்று போனில் ஏறுகின்றன, ஒரு காருக்கு அட்வான்ஸ் போகிறது, மிச்சப் பணம் பங்குச் சந்தையில் கரைகிறது. மூன்றாவது வாரம் ‘கொஞ்சம் தூங்குடா’ என்று சொன்ன ரூம்மேட்டின் சட்டையைப் பிடிக்கிறான். அன்றைக்குத்தான் ஊரிலிருந்து அப்பா பஸ் ஏறுகிறார். மேனியா என்ற சொல் அந்த வீட்டில் முதல் தடவை காதில் விழுவது அதற்கும் பிறகு.

மூன்று வாரத்தில் முதல் வாரமே இதைப் பிடித்திருக்க முடியுமா? முடியும் என்பதே இக்கட்டுரையின் கட்சி. பிடிப்பதற்கான அடையாளமும் கண்ணெதிரே இருந்தது: தூக்கம் குறைந்தது, களைப்பு வரவில்லை. தூக்கம் வராமல் தவிப்பவர் காலையில் சோர்ந்து எழுவார், கண் எரியும், எரிச்சல் வரும். மேனியாவில் இரண்டு மூன்று மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, புதிதாகப் பிறந்தவர் போல எழுவார்கள். தூக்கமின்மைக்கும் தூக்கத்தின் தேவையே குறைந்துபோவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மருத்துவ இலக்கணம் சிக்கலானதல்ல. மனநிலை வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாகவோ பொங்கி வழிவதாகவோ எரிந்து விழுவதாகவோ இருக்க வேண்டும். கூடவே உடலின் வேகமும் ஏற வேண்டும். இது ஒரு வாரமாவது, நாளின் பெரும்பகுதி நீடிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கிற அளவுக்கு முற்றிவிட்டால் நாள் கணக்குப் பார்ப்பதில்லை. இவற்றோடு தூக்கத் தேவை குறைவது, நிறுத்த முடியாத பேச்சு, எண்ணங்கள் ஒன்றையொன்று முந்தி ஓடுவது, கவனம் சிதறுவது, தன்னைப் பற்றிய அபார மதிப்பு, ஓயாத வேலை, பின்விளைவு யோசிக்காத செலவு அல்லது உறவு ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். மனநிலை வெறும் எரிச்சலாக மட்டும் இருந்தால் நான்கு வேண்டும். இதன் மிதமான வடிவத்துக்கு ஹைப்போமேனியா என்று பெயர். அதற்கு நான்கு நாள் போதும். அதில் வேலையும் குடும்பமும் குலைந்துவிடுவதில்லை. அதனாலேயே அது யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறது.

மேனியா என்றால் ஆனந்தம் என்ற நினைப்பு பாதிதான் சரி. பலருக்கு அது கோபமாகவே வரும். முற்றிய நிலையில் தான் அவதாரம் என்றும், முதலமைச்சர் தன் அழைப்புக்குக் காத்திருக்கிறார் என்றும், சுற்றியிருப்பவர்கள் சதி செய்கிறார்கள் என்றும் நம்புவார். அப்போது ஸ்கிசோஃப்ரினியாவிலிருந்து இதைப் பிரித்தறிவது பழகிய மருத்துவருக்கே சிரமம். கஞ்சா, மெத் போன்ற போதைப்பொருள்களும் ஸ்டீராய்டு மருந்துகளும் தைராய்டு அதிகச் சுரப்பும் இதே வேடம் போடும். ‘பையனுக்கு மேனியா’ என்று வீட்டில் இருப்பவர்களே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இந்தப் பட்டியலே போதும்.

தூக்கத்துக்கு வருவோம். தூக்கக் குறைவு மேனியாவின் விளைவு மட்டுமா, காரணமும்தானா? அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வேர் 1987-ல் எழுதிய கட்டுரையில், மேனியாவைத் தூண்டும் பலவகைக் காரணங்களும் கடைசியில் தூக்கக் குறைவு என்ற ஒரே வாசல் வழியாகவே நுழையக்கூடும் என்று வாதிட்டார். துக்கம், சந்தோஷம், பிரயாணம், பிரசவம், பரீட்சை என எது வந்தாலும் முதலில் தூக்கம் கெடுகிறது. கெட்ட தூக்கம் மேனியாவைத் தூண்டுகிறது. மேனியா தூக்கத்தை இன்னும் கெடுக்கிறது. சுழல் அப்படித்தான் இறுகுகிறது. பின்னாளில் பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் வகுத்த சிகிச்சைமுறை இதே எண்ணத்தின் மீது எழுந்தது: எழுவது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது, படுப்பது ஆகியவற்றின் நேரத்தை ஒழுங்காக்கினால் நோய் திரும்புவதைத் தள்ளிப்போடலாம்.

இதை வைத்துக்கொண்டு ‘ஐ.டி. வேலை பைத்தியமாக்குகிறது’ என்று சொன்னால் அது பொய். பழைய மாமல்லபுரம் சாலையில் ராத்திரி கேப் ஏறுகிற பெரும்பாலோருக்கு மேனியா வராது. பரம்பரைச் சாய்வு பெரிய காரணம்: உடன்பிறந்தவருக்கோ பெற்றோரில் ஒருவருக்கோ இருமுனை நோய் (மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்தால் நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு அது வரக்கூடும், உலக அளவில் பொதுமக்களிடம் இது நூற்றில் ஒன்று அளவு. அந்தச் சாய்வு உள்ளவருக்கு வாரம் ஒரு ஷிஃப்டாக மாறிக்கொண்டிருக்கும் வேலை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கோல். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருமுனை நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் தலைகாட்டும். சிப்காட் வளாகங்களுக்குள் தினமும் அடையாள அட்டையைக் காட்டி நுழைகிறவர்களில் பலரின் வயதும் அதுதான். ஊரைவிட்டு வந்து, அம்மா கண்ணில் படாமல், ராத்திரி விழித்திருப்பதையே உழைப்பு என்று மெச்சுகிற இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒருவன் மூன்று நாள் தூங்காததை யார் விநோதமாகப் பார்ப்பார்கள்?

பிரசவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த முதல் சில வாரங்கள், ஒரு பெண்ணுக்கு மேனியாவோ அதை ஒத்த மனப்பிறழ்வோ வர மிக ஆபத்தான காலம். ஏற்கெனவே இருமுனை நோய் உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு. நம் ஊரில் ‘பிரசவ ஜன்னி’ என்ற பேச்சில் அடங்கிப்போகும் நிகழ்வுகளில் இதுவும் உண்டு. வேப்பிலை அடித்து, ‘தலைப்பிரசவம், பயந்துட்டா’ என்று சமாதானம் சொல்லி நாளைக் கடத்துவது தாயின் உயிரையும் பிள்ளையின் உயிரையும் பணயம் வைப்பதாகும். இதை அவசர சிகிச்சைக்குரிய நிலையாகவே மருத்துவம் கருதுகிறது.

இந்த நோய்க்கு மருத்துவம் இன்றைய வடிவம் கொடுக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. உச்சமும் சோர்வும் மாறி மாறி வருவது ஒரே நோயின் சுழற்சி என்று பாரிஸில் ஃபால்ரே 1854-ல் சொன்னார். ஜெர்மனியின் கிரேப்பலின் 1899-ல் இதை ‘மேனிக் டிப்ரெசிவ்’ என்ற தொகுப்பாக்கி, இன்று ஸ்கிசோஃப்ரினியா எனப்படுவதிலிருந்து பிரித்தார். 1957-ல் லியோன்ஹார்ட், ஒரு முனை மட்டும் உள்ளவர்களையும் இரு முனையும் உள்ளவர்களையும் பிரித்தார். 1980-ல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடு ‘பைபோலார்’ (இருமுனை) என்ற பெயரை நிலைநிறுத்தியது. தமிழ் ரசிகர்களுக்கு அந்தச் சொல் பரவலாகத் தெரியவந்தது 2012-ல், ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் தனுஷ் நடித்த ‘3’ படத்தின் மூலம். பெயரை அறிமுகப்படுத்தியதற்கு அந்தப் படத்துக்கு நன்றி சொல்லலாம். ஆனால் நோயைப் பயங்கரமாகவும் மீட்சியே இல்லாததாகவும் காட்டியதில் அது பார்வையாளர்களுக்கு நியாயம் செய்யவில்லை.

இந்த நோயின் போக்கில் நம் நாட்டு அனுபவம் மேலைப் பாடநூலோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. மேலை நாட்டு ஆய்வுகளின்படி இருமுனை நோயாளி வாழ்நாளில் பெரும்பகுதியைச் சோர்வில் கழிக்கிறார். மேனியா இடையிடையே வந்துபோகிறது. இந்தியாவில் கண்டது வேறு. 1992-ல் கிழக்கிந்திய நோயாளிகளைப் பற்றி வெளிவந்த ஓர் ஆய்வு, மேனியாவே மேலோங்கி இருப்பதையும் பலருக்கு மேனியா மட்டுமே திரும்பத் திரும்ப வருவதையும் பதிவு செய்தது. புதுச்சேரி ஜிப்மரைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ஆசிய நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இதே சாய்வைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். காரணம் வெயிலும் பருவமும் என்பது ஒரு கட்சி. சோர்வை நோயாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. ‘மனசு சரியில்லை’ என்று சுருண்டு படுப்பவரை யாரும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதில்லை. அதனால் கணக்கில் மேனியா மட்டுமே ஏறுகிறது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவதில் பாதியாவது உண்மை இருக்கிறது என்று படுகிறது. முதலாவதை ஒதுக்கவும் மனம் வரவில்லை. காரணம் எதுவானாலும், சோர்வை எதிர்பார்த்து வகுத்த விழிப்புணர்வுப் பிரசாரத்தால் மட்டும் நம் ஊர் நோயாளியைப் பிடிக்க முடியாது. ‘சோகமாக இருக்கிறீர்களா, பேசுங்கள்’ என்ற சுவரொட்டி, உலகத்தையே விலைக்கு வாங்கும் மனநிலையில் இருப்பவனுக்கு எழுதியதல்ல.

2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் தலைமையில் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இந்தியப் பெரியவர்களில் சுமார் 0.5 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இருமுனை நோய் இருந்திருப்பது தெரியவந்தது. இருநூறு பேருக்கு ஒருவர். நோய் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்பது இன்னும் பெரிய செய்தி.

சிகிச்சையே இல்லாத ஊர் அல்ல இது. 1794-ல் வாலன்டைன் கானலி என்ற ஆங்கிலேய மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மருத்துவமனை எழுந்தது. இரண்டு நூற்றாண்டுப் பணிக்கு நாம் கொடுத்த பரிசு, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற வசவு. அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன், 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். அதன் பெயரிலேயே ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறது. தமிழ்நாட்டு மனநல ஆய்வின் கவனம் எந்தப் பக்கம் கூடுதலாக இருந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம். 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன், தெருவில் அலைந்த மனநோய்ப் பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. அதன் பணி கோவளத்துக்கும் விரிந்தது. சிறுசேரியிலிருந்து கோவளம் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். அங்கே தமீம் அன்சாரி தர்காவுக்கு நோய் தீர வேண்டி மக்கள் வருகிறார்கள்.

தர்காவையோ கோயிலையோ மருத்துவத்துக்கு எதிரியாக நிறுத்துவது பயன் தராது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குற்றம் வழிபாட்டின் மீதல்ல, சங்கிலியின் மீதும் அதைக் கண்டும் காணாமல் இருந்த அரசின் மீதும். பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவம் கிடைக்க வழி செய்யப்பட்டது. தாயத்தும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற சாமியாரை மட்டும் நம்பக் கூடாது.

மாத்திரை என்றதும் முதலில் சொல்ல வேண்டியது லித்தியம். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், மேனியா நோயாளிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்துப் பார்த்தார். அவர் கருதுகோள் தவறானது; பலன் உண்மையானது. அதே ஆண்டு அமெரிக்காவில் சமையல் உப்புக்கு மாற்றாக விற்ற லித்தியம் குளோரைடு சிலரைக் கொன்றதால் மருந்துக்குக் கெட்ட பெயர். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ முறையான சோதனைகள் நடத்தி அதை மீட்டார். அமெரிக்கா அனுமதிக்க 1970 ஆனது. மேனியாவை அடக்குவதிலும் திரும்ப வராமல் தடுப்பதிலும், இருமுனை நோயில் மிக அதிகமாக உள்ள தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் இன்றும் அதற்கு இணை சொல்வது கடினம். விலையும் மலிவு, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

லித்தியத்தின் குணம், அதன் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி குறுகல் என்பது. கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பொதுவான இலக்கு. தீவிர மேனியாவில் 1.2 வரை போவார்கள், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. நம் கடற்கரை வாழ்க்கைக்கு இதில் தனி எச்சரிக்கை உண்டு. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, ‘பிரஷர் இருக்கு, உப்பைக் குறை’ என்று யாரோ சொன்னதற்காகத் திடீரென்று உப்பை நிறுத்தினாலோ அளவு ஏறும். மெடிக்கலில் மூட்டுவலிக்குக் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் ஏற்றும். சில பிரஷர் மாத்திரைகளும் அப்படியே. கை பலமாக நடுங்குவது, வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறுவது ஆகியவை நஞ்சேறியதன் அறிகுறி. ‘குடிச்சிட்டு வந்திருக்கான்’ என்று தப்பாக எண்ணி அவனைத் தூங்கவைத்துவிடாதீர்கள். தைராய்டும் சிறுநீரகமும் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கப்பட வேண்டும்.

வால்புரோயேட் இன்னொரு முக்கிய மருந்து. ஆனால் கர்ப்பத்தில் அது சிசுவின் தண்டுவடத்தையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் பேச வேண்டும். தீவிர மேனியாவை விரைவாகத் தணிக்க ஓலன்சபின், குவெட்டியபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவை உதவுகின்றன. ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்றால் சினிமாவில் காட்டும் சித்திரவதை அல்ல. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பதைச் சட்டமே தடைசெய்திருக்கிறது, முறையாகக் கொடுத்தால் உயிர் காக்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது. பலர் மருத்துவரிடம் போவது சோர்வுக் காலத்தில் மட்டும். பழைய உற்சாக வாரங்களை நோய் என்று எண்ணாததால் சொல்வதில்லை. மருத்துவர் மனச்சோர்வு மருந்து மட்டும் எழுதித் தருகிறார். இருமுனை நோய் உள்ளவருக்கு அது சில சமயம் மேனியாவை எழுப்பிவிடும். சோர்வுக்குச் சிகிச்சை பெறப் போகிறவர், ‘இதற்கு முன் தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் உண்டா?’ என்ற கேள்வி வருவதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடுவது நல்லது. கூட வருகிற அண்ணனோ மனைவியோ சொன்னால் இன்னும் நல்லது. மேனியாவில் இருந்தவருக்கு, தான் மேனியாவில் இருந்ததே பெரும்பாலும் தெரிவதில்லை.

அப்படியானால் முடிவுகளை எப்போது எடுப்பது? நோய் உச்சத்தில் இருக்கும்போது கெஞ்சிப் பயனில்லை. நன்றாக இருக்கும் மாதங்களே அதற்கான காலம். அந்த மாதங்களை நாம் வீணாக்குகிறோம். ‘இப்ப நல்லாத்தானே இருக்கான், அந்தப் பேச்சே எதுக்கு’ என்று மாத்திரையோடு சேர்த்துப் பேச்சையும் நிறுத்திவிடுகிறோம். சிலர் அந்த இடைவெளியில், பெண் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கல்யாணத்தையும் முடித்துவிடுகிறார்கள். கல்யாண வேலைகளில் தூக்கம் கெடுகிறது, மறைப்பதற்காக மாத்திரை நிற்கிறது, தாலி கட்டிய சில வாரத்தில் நோய் திரும்புகிறது. அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் துரோகம் ஒரு பக்கம். பையனுக்குச் செய்யும் தீங்கும் சிறிதல்ல.

2017-ல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இங்கே உதவிக்கு வருகிறது. தனக்கு நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க அது உரிமை தருகிறது. தன் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதியையும் அவரே நியமிக்கலாம். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நம்பிக்கையான தோழியாகவும் இருக்கலாம். சங்கிலியால் கட்டுவது குற்றம். மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் இடம் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கம்பெனிக் காப்பீடு வைத்திருப்பவர்கள் மனநலச் சிகிச்சைக்கு அதில் என்ன வரம்பு என்று மனிதவளத் துறையிடம் கேட்டு வாங்கிப் படிக்கலாம். பணத்துக்கும் ஒரு முன்னேற்பாடு வேண்டும்: நன்றாக இருக்கும் காலத்தில் வங்கிப் பரிவர்த்தனை வரம்பைத் தானே குறைத்துவைப்பது, பெரிய தொகைக்கு இன்னொருவர் கையெழுத்தும் தேவைப்படும்படி கணக்கை மாற்றுவது, கடன் ஆப்களை நீக்குவது.

நிறுவனங்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. யோகா தினமும் மனநல வாரமும் கொண்டாடுவதைவிட, மருத்துவர் கடிதத்தோடு வருகிற ஊழியருக்கு நிரந்தரப் பகல் ஷிஃப்ட் கொடுங்கள், அதற்காக அவர் பதவி உயர்வில் கை வைக்காதீர்கள். இந்த நோயில் அது சலுகை அல்ல, சிகிச்சையின் பகுதி.

வீட்டிலோ ரூமிலோ யாராவது மூன்று நாளாகத் தூங்காமலே துள்ளலோடு இருந்தால், வாரக் கடைசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனையிலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால், அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவசச் சேவை இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.